மே கடைசியில் சாந்தண் தரி இறங்கலாமா?

கேள்வி: அண்ணா, நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவன், வயது 27. தொண்ணூறு அடி ரோட்டைச் சேர்ந்த நாங்கள் ஆறு பேர் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ராஜ்மாச்சி, மாஹுலி, கல்சுபாய் எல்லாம் ஏறியிருக்கிறோம். அடுத்து சாந்தண் தரியில் (மராட்டியில் 'தரி' என்றால் பள்ளத்தாக்கு) இறங்கி, தேஹணே கிராமம் வழியாக வெளியே வர ஆசை. மே கடைசி வாரம்தான் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல லீவு கிடைக்கிறது. ட்ரெக் கம்பெனிகள் கேட்கிற பணம் எங்களுக்கு அதிகம், அதனால் நாங்களே போய்விடலாம் என்று இருக்கிறோம். நூறு அடி நைலான் கயிறு வாங்கியாகிவிட்டது. ராப்பலிங் (கயிற்றில் இறங்குவது) வீடியோக்களும் நிறையப் பார்த்துவிட்டோம். இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. அம்மா திருநெல்வேலிக்காரர், குரங்கணியைச் சொல்லிச் சொல்லி அழுகிறார். வேறு என்னென்ன எடுத்துப் போக வேண்டும், எப்படித் தயாராக வேண்டும் என்று சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், தாராவி

பதில்:

அன்புத் தம்பிக்கு,

நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். மே கடைசி வாரம் வேண்டாம். அந்த நைலான் கயிறு எந்த மாதத்திலும் வேண்டாம். நீங்கள் ஆறு பேரும் துணையில்லாமல் இறங்குவது இந்த முறை வேண்டாம். ஆனால் தரியே வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒழுங்காகத் தயாரானால் வரும் ஜனவரியில் ஆறு பேரும் இறங்கி, மறுநாள் மதியம் தேஹணேயில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிட்லா பாக்ரி சாப்பிடலாம். எடுத்துப் போக வேண்டிய சாமான்களைக் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்வதற்கு முன் வேறு சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாந்தண் தெரியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். பண்டார்தரா ஏரியைத் தாண்டி, அஹில்யாநகர் மாவட்டத்தின் அகோலே தாலுக்காவில் சாம்ராத் என்று ஒரு சின்ன ஊர். கல்சுபாய் ஹரிச்சந்திரகட் வனவிலங்குச் சரணாலயப் பகுதி. ஊரிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், தரை வெடித்துப் பிளந்தது போல ஒரு இடுக்கு தொடங்கும். இரண்டு பக்கமும் 200 அடிக்கு மேல் செங்குத்தாகக் கரும்பாறை, நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். சில இடங்களில் இரண்டு பேர் தோளோடு தோள் நிற்க முடியாது. உச்சி வேளையிலும் வெயில் முழுதாகத் தரை தொடாத இடங்கள் உண்டு. மராட்டியில் 'சாந்த்' என்றால் இடுக்கு. நம் ஊர் 'சந்து' உடனே நினைவுக்கு வரும். தாராவிக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்தப் பாறை ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணம் முழுக்கப் பரவி இறுகிய எரிமலைக் குழம்பு. அதில் இவ்வளவு ஆழமாகச் சந்து வெட்டியது மழைத் தண்ணீர். உள்ளே போனதும் சுவரில் கை வைத்துப் பாருங்கள், ஆள் உயரத்துக்கு மேலேயும் வழவழவென்று இருக்கும். தண்ணீர் எவ்வளவு உயரம் வரைக்கும் ஓடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. நான் கூட்டிப் போகிற ஒவ்வொரு குழுவையும் முதலில் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இதுவரை போனதெல்லாம் ஏறும் மலைகள். கல்சுபாயில் 1,646 மீட்டர் உச்சிக்கு முன்னால் முட்டி வலித்தால், மழை வந்தால், ஒருவனுக்கு வாந்தி வந்தால், திரும்பி நடந்தால் போதும். ஒவ்வொரு அடியிலும் வீட்டுக்குத் திரும்பும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அதுவும் இறக்கம். பள்ளத்தாக்கு இதற்கு நேர் எதிர். தெம்பு இருக்கும்போது இறங்குகிறோம், களைத்த பிறகு வெளியே வர வேண்டியிருக்கிறது. சாந்தணில் இன்னொன்றும் உண்டு. முதல் கயிற்று இறக்கம் சுமார் 45 அடி. அதில் கடைசி ஆளும் இறங்கிக் கயிற்றை உருவிய அந்த நிமிடத்தோடு வந்த வழி மூடிக்கொள்கிறது. அதற்குப் பிறகு மழையோ காய்ச்சலோ எதுவானாலும், மிச்சமிருக்கும் இறக்கங்களைக் கடந்து, பாறைகளைத் தாண்டி, கீழே தேஹணேக்குப் போக வேண்டும், அல்லது கரோலி காட் என்ற மலைப்பாதையில் ஏறி மறுபடி சாம்ராத்துக்கு வர வேண்டும். இரண்டுமே மணிக்கணக்கு வேலை.

ஆகவே சாந்தணுக்குத் திட்டம் போடுவது என்றால், அந்த 45 அடிக்கு மேலே நின்று 'இறங்குகிறோம்' அல்லது 'திரும்புகிறோம்' என்று சொல்வதற்குத் தயாராவதுதான். அந்த இடத்தில் நின்று யோசித்தால் நிச்சயம் தப்பாக யோசிப்போம். ஊரிலிருந்து வந்த செலவு, லீவு, கூட இருப்பவர்களின் உற்சாகம் எல்லாம் கயிற்றின் பக்கமே இழுக்கும். எதெது நடந்தால் திரும்புவோம் என்பதை வீட்டில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே எழுதி வைத்துவிட வேண்டும். எங்கள் குழுவில் நான்கு வரி வைத்திருக்கிறோம். காலை 11 மணிக்குள் எல்லோரும் முதல் கயிற்றுக்கு வந்து சேராவிட்டால் திரும்புவோம். இடி கேட்டாலோ மேற்கே மேகம் எழும்பினாலோ திரும்புவோம். ஒருவர் நொண்ட ஆரம்பித்தாலும் திரும்புவோம். யாராவது ஒருவர் 'எனக்குச் சரியாகப் படவில்லை' என்றால் காரணம் கேட்காமல் திரும்புவோம். நான்காவதுதான் கஷ்டமானது. பால்ய சிநேகிதர்களான உங்களுக்குள் அது இன்னும் கஷ்டம், ஏனென்றால் பயப்படுகிறவனைக் கேலி செய்யும் பழக்கம் சின்ன வயதிலிருந்தே வந்திருக்கும். அன்றைக்கு ஒரு நாள் அந்தக் கேலி இல்லை என்று ஆறு பேரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பதினோரு வருடங்களுக்கு முன், ஒரு பிப்ரவரி மாதம், பத்துப் பேருடன் இறங்கினேன். வானம் தெளிவு, எல்லோரும் நல்ல நடைக்காரர்கள். இரண்டாவது கயிறு தாண்டியபின், குழுவிலேயே பலசாலியான பையன் மூன்றடி உயரப் பாறையிலிருந்து குதித்தான். கணுக்கால் மடங்கியது. முறிவு இல்லை, வெறும் சுளுக்குத்தான். அங்கிருந்து கூடாரம் போடும் இடத்துக்கு எப்போதும் முக்கால் மணி நேரம் ஆகும். அன்றைக்கு ஐந்து மணி நேரம் ஆனது. பாறைகள் நிறைந்த இடத்தில் ஒருவனைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. நாலு பேர் கைமாற்றி, உட்காரவைத்து, நகர்த்தி, மறுபடி தூக்கி என்றுதான் போக முடிந்தது. இருட்டிவிட்டது. பத்துப் பேருக்கு ஆறு டார்ச்தான் எங்களிடம் இருந்தது, அது என் தவறு. அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு தலை விளக்கும் மாற்று பேட்டரியும் கையில் இல்லாத யாரையும் நான் சாம்ராத்திலிருந்து கிளம்ப விடுவதில்லை. பாறையிலிருந்து குதிப்பதும் எங்கள் குழுவில் அன்றோடு நின்றது. உட்கார்ந்து வழுக்கி இறங்குங்கள், பேன்ட் கிழிந்தால் கிழியட்டும்.

சரி, மே மாதம் ஏன் வேண்டாம் என்கிறேன்? 2005 ஜூலை 26 அன்று உங்களுக்குச் சின்ன வயது, ஆனால் வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில் கொலாபாவில் பெய்தது 75 மில்லிமீட்டரைக்கூடத் தொடவில்லை. ஒரே நகரத்தில், சுமார் 20 கிலோமீட்டர் இடைவெளியில், இவ்வளவு வித்தியாசம். தாராவியில் மித்தி ஆறு ஏறி வந்தது அங்கே பெய்த மழையால் மட்டுமா? மேலே விஹார், பவாய் பக்கம் விழுந்த தண்ணீரும் சேர்ந்து கீழே இறங்கியது. பள்ளத்தாக்கிலும் கணக்கு இதுதான். நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் நீலமாக இருக்கலாம். மேலே சாம்ராத் மேட்டில் ஒரு மணி நேரம் கொட்டினால், அந்த வயல்களின் தண்ணீர் சந்துக்குள் வந்து விழும். அமெரிக்காவில் ஆன்டிலோப் என்ற இதே மாதிரி இடுக்குப் பள்ளத்தாக்கில் 1997 ஆகஸ்ட் 12 அன்று 11 பேர் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை என்று சொல்லும்படி எதுவும் இல்லை, புயல்மழை பல மைல் தூரத்தில் பெய்தது.

மே பிற்பகுதியில் இங்கே 'வளீவ்' என்ற கோடைமழை வரும். காலையில் சுள்ளென்று வெயில், மூன்று மணிக்கு மேல் கருமேகம், இடி, அரை மணி நேர அடைமழை. பருவமழையும் முன்பு போல நாள் பார்த்து வருவதில்லை. மும்பைக்கு வழக்கமான தேதி ஜூன் 11. ஆனால் 2025-இல் மே 26 அன்றே வந்துவிட்டது. நீங்கள் சொல்லும் அதே வாரம் தம்பி. மழை வராவிட்டாலும், கீழே தேஹணே பக்கம் இறங்கியதும் கொங்கண வெயில் 40 டிகிரிக்குக் கிட்டே காய்ந்துகொண்டிருக்கும், ஓடைகள் வறண்டிருக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். குட்டைகளில் தண்ணீர் சில்லென்று இருக்கும், இரவில் குளிர் பத்து டிகிரிக்குக் கிட்டே இறங்கும், அதற்குத் துணி எடுத்துப் போனால் போதும்.

ஜனவரியிலும் வானத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். வானிலை ஆய்வு மையத்தின் 'மௌசம்' செயலியில் மும்பையைப் பார்த்தால் போதாது, அஹில்யாநகர், நாசிக், தாணே மூன்று மாவட்டங்களுக்கும் பாருங்கள். மின்னலுக்கு 'தாமினி' செயலி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் நாள் ராத்திரி சாம்ராத்தில் சாப்பாடு போடுகிற வீட்டுக்காரரிடம் கேளுங்கள். 'உத்யா பாவுஸ் யேயீல் கா?' (நாளைக்கு மழை வருமா?) என்று கேட்டால் அவர் காற்றைப் பார்த்தே சொல்லுவார். அவர் வேண்டாம் என்றால் அதோடு பேச்சு முடிந்தது. உள்ளே இருக்கும்போது தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், லாரி வருவது போல இரைச்சல் கேட்டால், பைகளைப் போட்டுவிட்டு உயரமான இடத்துக்கு ஏறுங்கள். போகும் வழியிலேயே 'இங்கே ஏறலாம், இங்கே ஏறலாம்' என்று கண் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஏற இடமே இல்லாத நீளமான பகுதிகளில் போட்டோவுக்கு நிற்காதீர்கள்.

கயிறு. ஹார்டுவேர் கடையில் விற்கும் நைலான் கயிறு சாமான் கட்டுவதற்கு. ஆள் தொங்குவதற்கு அது செய்யப்படவில்லை, பாறை விளிம்பில் உரசினால் எத்தனை நிமிடம் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ராப்பலிங்குக்கு வேண்டியது, உள்ளே இழைக் கற்றையும் வெளியே பின்னிய உறையும் கொண்ட, நீட்சி குறைந்த 10 முதல் 11 மில்லிமீட்டர் கயிறு. அதில் இ.என். 1891 என்ற தர எண் இருக்கும். கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கியான காரபினரின் உடம்பிலேயே அது எவ்வளவு இழுவை தாங்கும் என்று கிலோநியூட்டனில் பொறித்திருப்பார்கள். எண் பொறிக்காத காரபினர் சாவிக்கொத்துக்குத்தான் ஆகும். 45 அடி என்றால் கிட்டத்தட்ட 14 மீட்டர். கயிற்றை இரட்டையாகப் போட்டு உருவ வேண்டும் என்றால் 28 மீட்டர் ஆகிறது, அதற்கு மேல் கட்டுவதற்கும் கையிருப்புக்கும் சேர்த்து 40 மீட்டர் இல்லாமல் போகக் கூடாது. உங்கள் நூறு அடி 30 மீட்டர்தான் வருகிறது. இதைத் தவிர ஒவ்வொருவருக்கும் மேலிருந்து பிடித்துக்கொள்ள இரண்டாவது கயிறு ஒன்று வேண்டும். இறங்குகிறவர் கை நழுவினாலும் அது அவரைத் தாங்கும்.

வீடியோ பார்த்ததில் தப்பில்லை, ஆனால் வீடியோவில் ஆங்கர், அதாவது கயிறு கட்டும் பிடிமானம், தெரியாது. கயிறு எதில் கட்டியிருக்கிறது, அந்தப் போல்ட் துருப்பிடித்திருக்கிறதா, ஒன்று பிடுங்கிக்கொண்டால் இன்னொன்று தாங்குமா, கயிற்றின் கீழ்நுனியில் முடிச்சு போட்டாயிற்றா என்பதெல்லாம் ஒருவர் பக்கத்தில் நின்று உங்கள் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டியவை. நான் உத்தரகாசியில் நேரு மலையேற்றக் கழகத்தில் பயிற்சி எடுத்தபோது, ஒரே முடிச்சை இருட்டில், கண்ணை மூடி, குளிரில் விரல் மரத்த நிலையில் போடவைத்தார்கள். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இன்றைக்கும் என் கை தானாக அந்த முடிச்சைப் போடுகிறது. மும்பையில் பல மலையேற்றக் கிளப்புகள் மழைக்காலம் முடிந்ததும் வார இறுதிகளில் பாறை ஏற்றப் பயிற்சி நடத்துகின்றன. அக்டோபரிலோ நவம்பரிலோ ஆறு பேரும் ஒன்றில் சேருங்கள். நீங்கள் கயிற்றுக்குக் கொடுத்த பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் போதும்.

பிறகு, முதல் தடவை சாந்தணில் உங்களுடன் அனுபவமுள்ள ஆள் ஒருவர் இருக்கட்டும். பெரிய கம்பெனிதான் வேண்டும் என்பதில்லை, கிளப்போடு போனால் செலவு குறையும். யாரோடு போனாலும் கூச்சப்படாமல் கேளுங்கள்: ஒரு பொறுப்பாளருக்கு எத்தனை பேர்? முதலுதவிப் பயிற்சி யாருக்கு இருக்கிறது? இரண்டாவது பாதுகாப்புக் கயிறு போடுவீர்களா? கயிறு வாங்கி எத்தனை வருடம்? மழை அறிகுறி இருந்தால் ரத்து செய்வீர்களா, பணம் திரும்ப வருமா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். ரத்து செய்தால் நஷ்டம் என்கிற நிலையில் இருக்கும் ஆள், சந்தேகமான நாளில் இறங்கத்தான் பார்ப்பார். 2021-இல் மகாராஷ்டிர அரசு சாகசச் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கை கொண்டுவந்தது. அதன்படி நடத்துபவர்கள் சுற்றுலா இயக்ககத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இருக்கிறதா என்றும் கேட்கலாம், அது உங்கள் உரிமை.

நேரக் கணக்கில்தான் புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். '2 கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரம்' என்று நினைக்கத் தோன்றும். உள்ளே தரை என்று ஒன்றும் கிடையாது, வீட்டு அளவு பாறையிலிருந்து பானை அளவு கல் வரை குவிந்துகிடக்கும். கைகளும் வேலை செய்ய வேண்டும். மணிக்கு ஒரு கிலோமீட்டர் போனால் நல்ல வேகம். கயிற்றில் ஆளுக்குப் பத்து நிமிடம் வையுங்கள். ஆறு பேர், மூன்று இறக்கம். மூன்று மணி நேரம் அதற்கே போய்விடும். சனி, ஞாயிறு என்றால் உங்களுக்கு முன்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள். முடிந்தால் வாரநாளில் லீவு போடுங்கள். ஜனவரியில் மும்பையில் சூரியன் மறைய ஆறேகால் ஆகும் என்றால், சந்துக்குள் நாலரைக்கே மங்கிவிடும். ஆகவே முதல் நாள் இரவே கசாரா லோக்கல் பிடித்து, ஜீப்பில் சாம்ராத் போய்த் தூங்கிவிட்டு, காலை 7 மணிக்குச் சந்தின் வாய்க்குள் காலெடுத்து வைத்துவிடுங்கள். ஜீப்புக்கு இரண்டு, இரண்டரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். மறுநாள் தேஹணேயிலிருந்து வண்டி பிடித்து ஆஸன்காவ் ஸ்டேஷன் வந்தால் அதே கசாரா லைன்தான், வீடு வந்து சேரலாம்.

நீச்சல் தெரியாத இருவரைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். உள்ளே நுழைந்ததும் இரண்டு குட்டைகள் வரும். ஜனவரி, பிப்ரவரியில் முதலாவது முழங்காலிலிருந்து இடுப்பு வரை, இரண்டாவது இடுப்பிலிருந்து நெஞ்சு வரை இருக்கலாம், அந்த வருட மழையைப் பொறுத்தது. ஷூவைக் கழற்றாமல், சுவரைப் பிடித்தபடி, முன்னும் பின்னும் நீச்சல் தெரிந்தவர் நிற்க, ஒவ்வொருவராகக் கடக்கலாம். யாரும் குதிக்கக் கூடாது, அடியில் கல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பைக்குள் பெரிய பிளாஸ்டிக் உறை ஒன்றை விரித்து, அதற்குள் சாமான்களை வைத்து முறுக்கிக் கட்டுங்கள். மாற்று சாக்ஸ் தனி உறையில் இருக்கட்டும். ஈர சாக்ஸோடு நாள் முழுக்க நடந்தால் கொப்புளம் நிச்சயம்.

ஷூவுக்குப் பணம் செலவழிக்கலாம், மற்றதில் சிக்கனம் பண்ணுங்கள். ஜிம் ஷூ ஈரப்பாறையில் சோப்பு மாதிரி வழுக்கும். பிடிமானமுள்ள மென்ரப்பர் அடிப்பாகம் வேண்டும், வாங்கி ஒரு மாதமாவது போட்டுப் பழகியிருக்க வேண்டும். ஹெல்மெட் கயிற்றுக்கு மட்டுமல்ல, நடக்கும்போதும் தலையில் இருக்கட்டும். மேலே குரங்குகள் ஓடினாலே கல் உருண்டு விழும், 200 அடி உயரத்திலிருந்து எலுமிச்சை அளவு கல் போதும். இரவல் ஹெல்மெட் என்றால் அது மலையேற்றத்துக்கானதா, தாடைப் பட்டை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் ஆளுக்கு நான்கு லிட்டர், சாம்ராத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலை கிறுகிறுக்கும். ஒரு லிட்டருக்கு ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அல்லது ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். சாப்பாட்டுக்கு அம்மா கை புளியோதரையை விடச் சிறந்தது எதுவும் எனக்குத் தெரியாது. கெடாது, உப்பு இருக்கிறது, நிலக்கடலை இருக்கிறது. கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், அவ்வளவுதான். தயிர்சாதம் வேண்டாம், பிற்பகலுக்குள் புளித்துவிடும்.

தேனீ பற்றி யாரும் எழுதுவதில்லை, நான் கட்டாயம் எழுதுகிறேன். சஹ்யாத்ரி (மேற்குத் தொடர்ச்சி மலை) பாறைச் சுவர்களில் மலைத்தேனீக் கூடுகள் தொங்கும். சென்ட், வாசனை எண்ணெய், சிகரெட் புகை, கூச்சல், இவை அவற்றைக் கிளப்பிவிடும். தரையில் நிற்கிறவர் முகத்தை மூடிக்கொண்டு ஓடலாம். கயிற்றில் பாதியில் தொங்குகிறவர் எங்கே ஓடுவார்? ஆறு பேரில் யாருக்காவது கொட்டினால் உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சு வாங்கும் என்றால், கிளம்புவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து மருந்தோடு வரட்டும். புளூடூத் ஸ்பீக்கர் வீட்டிலேயே இருக்கட்டும்.

அம்மாவிடம் வருகிறேன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் போனார்கள். நானும் அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து அழுதவன்தான். மலைக்கு ஆள் கூட்டிப் போகும் எல்லோருக்கும் அது மறக்க முடியாத நாள். அம்மா அழுவதைப் பயம் என்று தள்ளாதீர்கள். அவர் கேட்கிற கேள்வி சரியான கேள்வி: நீ வராவிட்டால் நான் யாரைக் கேட்பேன்? 2003 ஏப்ரலில் ஆரன் ரால்ஸ்டன் என்பவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் புளூஜான் என்ற பள்ளத்தாக்கில் தனியாக இறங்கினார். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பாறை உருண்டு அவருடைய வலக்கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் கழித்துத் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். எந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறார் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால், தேடுகிறவர்கள் முன்கூட்டியே அந்தப் பக்கம் போயிருப்பார்கள்.

எனவே அம்மாவிடம் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போங்கள். தமிழில், பெரிய எழுத்தில். ஆறு பேரின் பெயர், ரத்த வகை, ஒவ்வொரு வீட்டின் எண். கூட வரும் பொறுப்பாளரின் எண், சாம்ராத்தில் தங்கும் வீட்டின் எண். எந்த வழியாக இறங்கி எந்த ஊரில் வெளியே வருகிறோம். முதல் கயிற்றுக்குக் கீழே போனபின் போன் எடுக்காது, அதற்காகப் பதற வேண்டாம் என்று ஒரு வரி. இறங்கிய மறுநாள் மதியம் இரண்டு மணிக்குள் தேஹணேயிலிருந்து கூப்பிடுவோம். மாலை ஆறு வரை அழைப்பு வராவிட்டால் முதலில் பொறுப்பாளரின் கிளப்புக்கு, அடுத்து அவசர உதவி எண் 112-க்கு, மகாராஷ்டிர மலையேறிகள் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்கு. அந்த மையத்தின் உதவி எண்ணை நீங்களே தேடி எடுத்துத் தாளில் எழுதிவிடுங்கள், அம்மா தேடும்படி வைக்காதீர்கள். இன்னொரு வரியும் வேண்டும்: முதல் கயிற்றுக்கு முன்னால் ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரி மேலே ராஜூர்ப் பக்கம், கயிற்றுக்குப் பின்னால் என்றால் கீழே ஷஹாபூர்ப் பக்கம். மாவட்டமே மாறிவிடுகிறது. பாம்பு கடித்தால் கட்டு இறுக்காமல், கீறாமல், ஆளை அசையவிடாமல் கொண்டுபோக வேண்டிய திசை எது என்பது இதை வைத்துத்தான்.

இப்போதிலிருந்து ஜனவரி வரை நாள் இருக்கிறது. மழைக்காலத்தில் வாரம் மூன்று நாள் மாடிப்படி ஏறி இறங்குங்கள், முதுகில் ஏழெட்டுக் கிலோ பையோடு. இறங்குவதற்குத்தான் பழக்கம் வேண்டும், முட்டி அதில்தான் கெடுகிறது. அக்டோபரில் கயிற்றுப் பயிற்சி. நவம்பரில் ரத்தன்கட் மலைக்கோட்டைக்குப் போய் வாருங்கள். ஏணி இருக்கிறது, உயரத்தில் யாருக்குக் கால் நடுங்குகிறது என்று தெரிந்துவிடும், சாந்தண் இருக்கும் வட்டாரமும் பழகிவிடும். டிசம்பரில் ஒரு நாள் சாம்ராத் வரை போய், இரண்டு குட்டைகளைத் தாண்டி முதல் கயிற்று முனை வரை நடந்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். கீழே எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே வீட்டுக்கு வாருங்கள். பெரும்பாலோர் அதைத் தோல்வி என்று நினைப்பார்கள், நான் என் குழுக்களை அப்படித்தான் பழக்குகிறேன். அந்த இடத்திலிருந்து ஒரு தடவை திரும்பிப் பழகிய கால், மேகம் திரளும் நாளிலும் திரும்பும்.

அம்மாவுக்கான தாளை எழுதியதும் எனக்கும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எத்தனை மணிக்குள் முதல் கயிற்றுக்கு வருவீர்கள் என்ற வரியை முதலில் பார்ப்பேன்.